தாயின் மாதிரி

நோய் எதுவும் பரவாத மாதத்தில் யாரோ ‘அண்மை’யை ஓட்டியிருக்கிறார்கள் என்பதைத் தாட்சாயணி காலைக் காபி ஆறுவதற்குள் கண்டுகொண்டாள்.

அண்மை அவள் பெறாத பிள்ளை. ஈரோட்டை அடுத்த அந்தக் குடல்நல மையத்தில் புள்ளியியலாளராகச் சேர்ந்த புதிதில் அவள் உருவாக்கிய கணிப்பு முறை அது. மாநிலம் முழுக்க மையத்தின் மாதிரி வண்டிகள் ஊர் ஊராகப் போகும். திட்டத்தில் பதிந்தவர்கள் மாதம் ஒரு முறை சிறு குப்பியில் தங்கள் மலத்தைக் கொடுத்தனுப்புவார்கள். ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்கள்கூட இப்போது பால்காரருக்குச் சொம்பு நீட்டுவதுபோல் நீட்டப் பழகிவிட்டார்கள். ஒவ்வொரு குப்பியிலும் எந்தெந்த நுண்ணுயிர் எத்தனை என்று இயந்திரம் எண்ணித் தரும். நூற்றுக்கணக்கான வகைகள். எந்த ஒரு வகையின் எண்ணிக்கையும் தனியாக எதையும் சொல்லிவிடாது. எல்லாம் சேர்ந்து ஏறுவதையும் இறங்குவதையும் ஒருசேரப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் பேசும். அப்படிப் பார்க்கத் தெரிந்தது அண்மை. வாந்திபேதி கிளம்பினால் யார் யார் ஒரே தண்ணீரைக் குடித்தார்கள், எந்த மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று பிரித்துச் சொல்லிவிடும். இதுவரை எத்தனையோ ஊர்களை அது காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் இந்தத் தேடலில் ஊரும் இல்லை, நோயும் இல்லை. கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு பெண்மணி. ஐம்பது வயதைத் தாண்டியவர், நல்ல ஆரோக்கியம். அவருடைய மாதிரியை மாநிலத்தின் மொத்த மாதிரிகளோடும் ஒப்பிடச் சொல்லியிருந்தார்கள். அதிலும் ஒரு வடிகட்டி வேறு. பெண்கள் மட்டும். இருபதுக்கு மேல், முப்பதுக்குள்.

தாட்சாயணிக்கு அந்த வடிகட்டிதான் உறுத்தியது. வாந்திபேதி வயது பார்த்தா வரும்?

யாருடைய நுழைவுப் பெயரில் ஓடியிருக்கிறது என்று பார்த்தாள். இம்மானுவேல். ஆய்வுக்கூடத்தின் தலைவர்.

ஆய்வுக்கூடத்துக்குள் போனபோது அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். சாத்தான்குளத்துக்காரர், இத்தனை வருடம் கொங்கு நாட்டில் இருந்தும் பேச்சு மட்டும் ஊர் மாறவில்லை.

“சார், நேத்து அண்மையில ஏதாவது தேடுனீங்களா?”

“இல்லையே மேடம். எதுக்குக் கேக்கிய?”

“உங்க பேர்ல ஓடியிருக்கு.”

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே சுத்தமான கையை அவர் மறுபடி கழுவினார். “ஏதாவது டெஸ்ட்டா இருக்கும் மேடம். விட்டுருங்க.”

அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ‘இவர் பொய் சொல்கிறார்’ என்று நினைத்துக்கொண்டே தாட்சாயணி வெளியே வந்தாள்.

தேடலின் முடிவு அவள் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. அது அவளே வைத்த விதி. முன்பு ஒரு முறை தவறான பொருத்தம் ஒன்றை நம்பி ஒரு பள்ளியின் சத்துணவுக்கூடத்தை மூடப்போய், சமையல்கார அம்மாவை ஊரே தூற்றித் தீர்த்துவிட்டது. அதன் பிறகு புள்ளியியலாளர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எந்தப் பொருத்தமும் வெளியே போகாது. ஆளின் பெயரும் திறக்காது. ஒப்புதல் தரும்வரை அவளுக்கும் வெறும் குறியெண், வயது, வார்டு ஆகியவைதான் தெரியும்.

திறந்து பார்த்தாள். பட்டியலின் தலையில் ஒரே ஒரு பெண், மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு நின்றாள். தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு வார்டு. வயது இருபத்து நான்கு.

மதியம் இயக்குநர் பொன்னுரங்கம் கூப்பிட்டனுப்பினார். மருத்துவர், தலைமுடிக்கு மை பூசுகிறவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

“ஒரு ரிசல்ட் உங்ககிட்ட நிக்குதாமே தாட்சாயணி?”

“ஆமா சார். எதுக்காகத் தேடுனதுன்னு தெரிஞ்சா ஒப்புதல் குடுத்துடுவேன்.”

“காணாமப்போனவங்களைக் கண்டுபிடிக்கிற சேவை. சோதனை முயற்சிதான். ஒரு அம்மாவோட பொண்ணு ரெண்டு வருஷமா எங்கே இருக்குன்னு தெரியலை. அந்த அம்மா ஒப்புதல் குடுத்திருக்காங்க. மனிதாபிமானம்தானே?”

“கிடைக்கிற பொண்ணோட ஒப்புதல் சார்?”

“திட்டத்துல சேரும்போதே ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம்னு எல்லாரும் சம்மதிச்சிருக்காங்களே.” அவர் சிரித்தார். “நல்லமுத்து ஐயாவோட பொண்ணு. நம்ம புதுக் கட்டடம் அவர் குடுத்த நிலத்துலதான் நிக்குது, தெரியுமில்ல?”

தெரியும். மஞ்சள் மண்டி நல்லமுத்துவை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய மகள், கல்லூரியில் கூடப் படித்த பையனோடு போய்விட்டாள் என்றும், அந்தப் பையன் “வேற ஆளுங்க” என்றும் கேன்டீனில்கூடப் பேசிக்கொண்டார்கள். அப்படிப் போன இன்னொரு வீட்டுப் பெண்ணும் பையனும் பிறகு வாய்க்காலில் கிடந்ததைப் பற்றி மட்டும் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

தாட்சாயணி அவசரமாக ஒரு காரணம் தேடினாள். “அந்த அம்மாவோட மாதிரி பழசு சார். புதுசா ஒண்ணு எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.” அது உண்மை இல்லை. அந்த நிமிடத்துக்கு அதுதான் வாயில் வந்தது.

“நாளைக்கே வரச் சொல்றேன்” என்றார் பொன்னுரங்கம்.

மறுநாள் கணவனும் மனைவியும் வந்தார்கள். கோதைமணி ஒல்லியான பெண்மணி. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் நல்லமுத்துவே பதில் சொன்னார். என்ன சாப்பிடுவீங்க என்றால் அவர் சொன்னார். மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா என்றால் அதற்கும் அவர்தான்.

“பொண்ணு கெடைச்சுருவாளுங்களா?” என்று நல்லமுத்து கேட்டார். குரல் தழுதழுத்தது. கண்கள் மட்டும் தாட்சாயணியின் மேசையிலிருந்த திரை மேலேயே இருந்தன. அழுகிறவர் கண் அப்படி அலையாது என்று அவளுக்குப் பட்டது.

“மாதிரி எடுக்கணும். நீங்க வெளிய இருக்கணுங்க” என்றாள்.

கதவு சாத்தியதும் கோதைமணி முதல்முறையாக வாயைத் திறந்தார். “ஏனுங்க, பீயப் பாத்து புள்ளயக் கண்டுபுடிக்க முடியுங்களா?”

தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “ஒரு வீட்டுல பரம்பரையா ஒரே உறைமோர்லதான தயிர் தோயுது? அந்த வீட்டுல வளர்ந்த புள்ளைங்க வயித்துக்குள்ளயும் அந்த வீட்டோட கிருமிங்க குடி இருக்கும்மா. நல்ல கிருமிங்கதான். ஊர் மாறி, சாப்பாடு மாறினாலும் அதுல கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும். மத்த யாருகிட்டயும் இல்லாத நாலஞ்சு வகை ரெண்டு பேர்கிட்ட மட்டும் சேர்ந்தாப்புல இருந்தா, அவங்க ஒரே அடுப்படியில வளர்ந்தவங்க.”

“அப்பறம் அதை மாத்திக்க முடியாதுங்களா?”

“லேசுல முடியாதும்மா.”

கோதைமணி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கண்ணு, கெடைச்சுட்டான்னா எனக்கு மட்டும் சொல்லுங்க. அவருக்கு வேண்டாம். எம்பட புள்ள எந்த ஊருன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. பெத்த மனசு கெடந்து தவிக்குதுங்க.”

கதவுக்கு வெளியே நல்லமுத்துவின் செருப்பு நடமாடும் சத்தம் நின்றிருந்தது. அவர் காது கொடுக்கிறாரா? இந்த வார்த்தைகளை அவரே சொல்லிக்கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறாரா? அப்படியானால் ஒரு தாயை இதைவிட நன்றாகப் பேச வைக்க முடியாது. உண்மையாகவே தவிக்கிறார் என்றால், இதைவிடக் குறைவாகவும் ஒரு தாயால் பேச முடியாது. தாட்சாயணி அந்த முகத்தையே பார்த்தாள். ஆயிரக்கணக்கான எண்ணிக்கைகளுக்குள் ஒளிந்திருக்கும் உறவைப் படித்துவிடுகிறவளுக்கு, எதிரே இருக்கும் ஒற்றை முகத்தைப் படிக்க முடியவில்லை.

“இதுவரைக்கும் யாரும் கிடைக்கலைம்மா” என்றாள்.

கோதைமணி தலையை மட்டும் ஆட்டினார். ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு தாட்சாயணி கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பொருத்தத்தை மறுக்க ஒரு வழி இருந்தது. தூத்துக்குடிப் பெண்ணின் மாதிரிகளை ‘மாசுபட்டவை’ என்று குறித்துவிட்டால் அண்மை அந்தக் குறியெண்ணையே தொடாது. இனி யார் எத்தனை முறை தேடினாலும் அந்தப் பெண் அகப்பட மாட்டாள். ஒரு சொடுக்குதான்.

சொடுக்குமுன், பழக்க தோஷத்தால் அவளுடைய முந்தைய மாதங்களின் எண்ணிக்கைகளையும் விரித்துப் பார்த்தாள். பார்த்தது நல்லதா கெட்டதா என்று பின்னாளில் பலமுறை நினைத்திருக்கிறாள்.

எண்ணிக்கைகள் மாதத்துக்கு மாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தன. அந்தச் சாய்வை அவளுக்குத் தெரியும். கர்ப்பிணிகளின் குடலில் வருவது. அதோடு இன்னொன்றும் இருந்தது. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி. சென்ற மாதம் தொட்டும் தொடாமலும் இருந்தது இந்த மாதம் தலைதூக்கியிருந்தது. காய்ச்சாத பாலிலோ, சரியாக வேகாத எதிலோ வந்திருக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு நாள் வயிற்றுவலியோடு போகும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது எமன். இன்னும் சில நாளில் மையமே அவளுக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கும்.

மாசு என்று குறித்தால் அந்த எச்சரிக்கையும் போகாது. வேட்டைக்காரன் கண்ணிலிருந்து மறைத்தால் வைத்தியன் கண்ணிலிருந்தும் மறைந்துவிடுவாள். மறைக்காமல் விட்டாலோ, பிள்ளையும் தாயும் யார் கையில் போய்ச் சேருவார்கள்?

அவள் மட்டும் தனியாகச் செய்யக்கூடியதாகவும் அது இல்லை. மாசு என்று அறிவிக்க ஆய்வுக்கூடத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும்.

இம்மானுவேல் அவள் காட்டிய திரையை வெகுநேரம் பார்த்தார். தாட்சாயணி ஊரையும் வயதையும் மறைத்துவிட்டுத்தான் காட்டினாள். அவர் மேல் அவளுக்கு இன்னமும் நம்பிக்கை வரவில்லை.

“இந்த மாதிரியில மாசு இருக்கா மேடம்?”

“இருக்குன்னு நினைக்கிறேன்.”

“இது அந்தத் தேடல்ல வந்ததுதானே?”

அவள் கையெழுத்துப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டைரக்டர் என் பாஸ்வேர்டைக் கேட்டாவ. எதுக்குன்னு நான் கேக்கலை. கேட்டிருக்கணும். நேத்து நீங்க வந்து நின்னப்பதான் எனக்கு விளங்குச்சு. விளங்கினதும் பயம் வந்துட்டு.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். “குப்பி மூடி லூசா இருந்துச்சு மேடம். நான் என் கண்ணால பாத்தேன். எங்க வந்து கேட்டாலும் சொல்லுதேன்.”

அப்படி ஒரு மூடியை அவர் பார்த்திருக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

எச்சரிக்கைதான் மிச்சம். ஒருத்திக்கு மட்டும் அனுப்பினால் அது அவளைச் சுட்டிக்காட்டிவிடும். தாட்சாயணி யோசித்து, அந்த வார்டு முழுமைக்கும் ஓர் அறிவிப்பு எழுதினாள்: குடிநீரிலோ பாலிலோ லிஸ்டீரியா இருக்கலாம் என்று சந்தேகம், கர்ப்பிணிகள் அனைவருக்கும் உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், தேவைப்படுவோருக்கு மருந்து தர வேண்டும். கீழே தன் பெயரைப் போட்டு மாவட்டச் சுகாதாரத்துறைக்கு அனுப்பினாள். அத்தனை பெண்களுக்கு மத்தியில் ஒருத்தி தெரிய மாட்டாள்.

அது தெரிந்தே செய்த பொய். பொய்க்கு விலை இல்லாமல் இல்லை. அந்த வார்டில் பால் விற்பனை படுத்துவிட்டது. மாடு வைத்திருந்த ஒரு கைம்பெண்ணின் வாடிக்கையெல்லாம் போய், கடைசியில் மாட்டையே விற்றுவிட்டாள் என்று உள்ளூர்ச் செய்தியில் வந்தது. ஊசிக்குப் பயந்து ஒரு கர்ப்பிணி மயங்கி விழ, அவள் நெற்றியில் தையல் போட்டார்கள். இதையெல்லாம் தாட்சாயணி ஒன்றுவிடாமல் படித்தாள். படிக்காமலிருக்க அவளுக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள்.

மையத்தில் விசாரணை வந்தது. “ஒரு வார்டு முழுக்கப் பீதியைக் கிளப்பியிருக்கீங்க. ஒரே ஒருத்தருக்குத்தான் தொற்று இருந்திருக்கு” என்றார் பொன்னுரங்கம். குரல் அப்போதும் உயரவில்லை. “நல்லமுத்து ஐயா தேடலும் ஒண்ணுமில்லாமப் போச்சு. ரெண்டும் ஒரே வாரத்துல நடந்திருக்கு. எனக்கு ஆச்சரியமா இருக்கு தாட்சாயணி.”

“எனக்கும்தான் சார்” என்றாள்.

அவர் அவளை நம்பவில்லை. நிரூபிக்க அவரிடம் எதுவும் இல்லை. ஒப்புதல் தரும் அதிகாரத்தை அவளிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார். கான்பூரில் அவள் விண்ணப்பித்திருந்த வேலைக்கு வரவேண்டிய அழைப்பு வரவில்லை. உடன் வேலை செய்தவர்கள் அவள் கணக்குகளை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கத் தொடங்கினார்கள். இம்மானுவேல் மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கோதைமணியின் குப்பி மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. தாட்சாயணி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். நல்லமுத்து ஓயக்கூடிய ஆள் இல்லை என்ற பயம் அவளுக்குள் உட்கார்ந்திருந்தது.

மாரி முடிந்து பனி தொடங்கிய மாதத்தில் கோதைமணியின் எண்ணிக்கைகளில் புதிதாக ஒன்று தெரிந்தது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பச்சைப்பிள்ளையின் வயிற்றில் வாழ்கிற நுண்ணுயிர். வளர்ந்தவர்களிடம் அனேகமாக இருக்காது. ஒரு குழந்தையைக் குளிப்பாட்டி, கால் கழுவிவிட்டு, முத்தம் கொடுத்து நாளெல்லாம் மடியில் போட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதோடு கூட, கடற்கரை ஊர்க்காரர்களின் மாதிரியில் மட்டும் வருகிற இரண்டு மூன்று வகைகளும்.

 முதலில் வந்த நினைப்பு ‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்பதுதான். நல்லமுத்துவின் எண்ணிக்கைகளை அவசர அவசரமாக எடுத்துப் பார்த்தாள். அவரிடம் எதுவும் இல்லை. திட்டத்தில் பதிந்திருந்த அவர் மகனிடமும் இல்லை. தாய் மட்டும் போய் வந்திருக்கிறார். ஆனால் எப்படிப் போனார்? யார் வழி சொன்னது? அவர் பின்னாலேயே யாராவது போயிருந்தால்? தான் பார்த்ததை, ஒப்புதல் அதிகாரத்தோடு இப்போது அந்த நாற்காலியில் இருப்பவராலும் பார்க்க முடியும். ஒரு வடிகட்டி போட்டால் போதும்.

அடுத்த முறை மாதிரி வண்டி கோபிப் பக்கம் கிளம்பியபோது அவளும் ஏறிக்கொண்டாள். சந்தைமேட்டுப் புளியமரத்தடியில் வண்டி நின்றது. நல்ல வெயில். கோதைமணி குப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு தனியாக வந்தார். தாட்சாயணியைப் பார்த்ததும் நடை ஒரு கணம் தடைப்பட்டது.

மரத்தின் மறுபக்கத்துக்கு அழைத்துப்போய்த் தாட்சாயணி சுற்றி வளைக்காமல் சொன்னாள். “அம்மா, இனிமே குப்பி குடுக்காதீங்க. திட்டத்துல இருந்து பேரை எடுத்துடுங்க. என்ன காரணம் வேணா சொல்லிக்குங்க.”

“ஏனுங்க?”

“பச்சைப்புள்ளையத் தூக்குனா அதுவும் இதுல தெரியுது. நான் பாத்துட்டேன். நாளைக்கு வேற யாராவது பாப்பாங்க.”

கோதைமணி சந்தைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வண்டிக்காரர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

“அவ எங்க இருக்கான்னு எனக்கு எப்பவும் தெரியுமுங்க” என்றார் மெதுவாக. “வீட்டைவிட்டுப் போன அன்னிக்கே சொல்லிட்டுத்தான் போனா. பஸ் ஏத்திவிட்டதே நாந்தானுங்க.”

தாட்சாயணி திகைத்தாள். “அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்து, எந்த ஊர்னு சொல்லுங்கன்னு…”

“உங்க மிசினுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியோணுமல்லங்க? நீங்க எப்படிப்பட்டவங்கன்னும் தெரியோணும். பெத்தவ அழுதா எளகிப் போறவங்களா இருந்தா, மண்டிக்காரரு அதட்டுனாலும் சொல்லித்தான் போடுவீங்க. நீங்க மட்டும் ஊரு பேரைச் சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவங்களை வேற ஊருக்குக் கெளப்பியிருப்பனுங்க.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பக்கம் வயித்துப்புள்ளக்காரிங்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்தாங்களாமா. நேரத்துக்குப் பாத்ததுல ஒரு உசுரு பொழைச்சுதாம். யாரு பண்ணுனதோ தெரியாது. பண்ணுனவங்க நல்லா இருக்கோணும்.”

 கேன்டீனில் திரும்பிக்கொண்ட முகங்களும், மாட்டை விற்ற அந்தக் கைம்பெண்ணும், தாட்சாயணி தூங்காத நாட்களும் எல்லாமாகச் சேர்ந்து மேலே வந்தன. ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தது.

“கொழந்தை எப்படி இருக்கும்மா? பையனா, பொண்ணா?”

கோதைமணி அவளை நிமிர்ந்து பார்த்தார். அன்று நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே முகம். ஒன்றும் படிக்க முடியாத முகம்.

“எந்தக் கொழந்தைங்க?” என்றார்.

பைக்குள் கைவிட்டுக் குப்பியை எடுத்துச் சாக்கடையில் கொட்டினார். காலிக் குப்பியைத் தாட்சாயணியின் கையில் வைத்துவிட்டு, சந்தைக் கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டார்.

தாட்சாயணிக்குக் கோபம் வரவில்லை. அந்தம்மா செய்ததுதான் சரி என்று பட்டது. கேட்டிருக்கக் கூடாது என்றும் பட்டது.